மேட்ச் தொடங்குமுன் நடக்கும் பேஸ்பால்

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து, தினமும் காரில் வேலைக்குப் போய்வருகிற யாராவது பேஸ்பால் பழக வேண்டும் என்று கேட்டால், ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள் என்பேன். பிப்ரவரி நடுவிலேயே ரேடியோவைத் திருப்புங்கள். அப்போது ஒரு மேட்சும் நடக்காது. பந்து எறியும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் வசந்தகாலப் பயிற்சி முகாமுக்காக ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் போய் இறங்கியிருப்பார்கள், மற்றவர்கள் சில நாள் கழித்து வந்து சேர்வார்கள். மாதக் கடைசியில் பயிற்சி மேட்சுகள் தொடங்கும், யார் ஜெயித்தாலும் கணக்கில் சேராது. ஆனால் ரேடியோ இருபத்துநாலு மணி நேரமும் பேசியாக வேண்டுமே. ஸ்கோர் கிடையாது என்பதால் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அவன் எதற்கு லீவு போடலாம், யாருக்குக் கடமைப்பட்டவன், தாடி வைக்கலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்கிறார்கள். ஓர் ஊர் தன் ஆட்டக்காரர்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை அந்த ஆறு வாரப் பேச்சில் தெரிந்துகொள்ளலாம். சீசன் தொடங்கிவிட்டால் நேற்று யார் சொதப்பினார் என்பதிலேயே நேரம் போய்விடும்.

நான் கேட்பது நியூயார்க்கின் டபிள்யூஎஃப்ஏஎன் நிலையம். இங்கே எல்லோரும் 'தி ஃபேன்' என்பார்கள். 1987 ஜூலையில் தொடங்கியது, நாள் முழுக்க விளையாட்டு மட்டுமே பேசிய முதல் வானொலி நிலையம். அடுத்த வருஷம் 660 ஏஎம்முக்கு மாறியது. 50,000 வாட் சக்தி என்பதால் ராத்திரியில் பல மாநிலம் தாண்டியும் கேட்கும். தொகுப்பாளர்கள் மைக் ஃபிரான்செஸாவும் கிறிஸ் ரூசோவும் 1989 முதல் 2008 வரை இங்கே போட்ட சண்டைகளைப் பார்த்துத்தான் மற்ற ஊர் நிலையங்கள் இந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டன. எனக்கு இந்த நிலையத்தில் ரொம்பப் பிடித்த விஷயம், ஜோ பெனிக்னோ என்பவர் வெறும் நேயராகப் போன் போட்டுக்கொண்டிருந்து, 1995-இல் அங்கேயே ராத்திரி நேரத் தொகுப்பாளராக ஆனது. போன் போடுகிறவனுக்கும் மைக்கில் பேசுகிறவனுக்கும் நடுவே இங்கே பெரிய சுவர் கிடையாது.

காரில் நான் தனியாகப் போவதில்லை. எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட்டில் இருந்த திருச்சிக்கார அண்ணன் ஒருவர் கூட வருவார். ஒய்2கே வேலைக்காக 1998-இல் இங்கே வந்தவர். அந்த வருஷம் நியூயார்க்கின் யாங்கீஸ் அணி 114 மேட்ச் ஜெயித்து, லீக்கின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரையும் எடுத்தார்கள், அவர் அவர்களுடைய ரசிகராகிவிட்டார். நான் அதே ஊரின் இன்னோர் அணியான மெட்ஸ். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் டிராஃபிக் நின்றால் ரேடியோவில் நடக்கும் வாக்குவாதம் காருக்குள்ளும் நடக்கும். பேஸ்பாலின் சட்டதிட்டங்களை டிவி பார்த்துப் படித்தேன். அந்த ஆட்டத்தின் மனிதர்களை இந்தப் பயணங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் வயதான நேயர் யாராவது எழுப்பும் குறை ஒன்று உண்டு. "இவர்கள் கோடீஸ்வரர்கள். குளிர்காலம் முழுக்க பெர்சனல் டிரெய்னர் வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் எதற்கு ஆறு வாரம் ஃபுளோரிடாவில்?" நியாயமான கேள்வி. பழைய காலத்தில் பதில் சுலபம். ஆட்டக்காரர்களுக்கு வருஷம் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குச் சம்பளம் வரவில்லை. யோகி பெர்ரா, ஃபில் ரிசூட்டோ போன்ற யாங்கீஸ் நட்சத்திரங்களே இங்கே நியூவார்க்கில் ஒரு துணிக்கடையில் குளிர்காலத்தில் கோட்டு சூட்டு விற்றிருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்குக்கு ஆடிய ரிச்சி ஹெப்னர் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார். 1967-இல் ஒரு பெரிய லீக் (மேஜர் லீக்) ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். மார்வின் மில்லர் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தம் அதை 1968-இல் 10,000 ஆக்கியது. அந்த நாட்களில் வசந்தகால முகாம் என்பது குளிர்காலத்தில் ஏறிய தொப்பையைக் குறைக்கிற இடம்.

இன்று குறைந்தபட்சம் 7,80,000 டாலர். மெட்ஸ் 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 765 மில்லியன் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் யாரும் சூட்டு விற்பதில்லை. சியாட்டில் பக்கத்து டிரைவ்லைன் போன்ற பயிற்சிக் கூடங்களில், விரல் பந்தை விட்டு விலகும் கணத்தை அதிவேகக் கேமராவில் பார்த்துப் பார்த்துப் புது வகை எறிதல் ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அப்படியும் முகாம் நீளமாக இருப்பதற்குக் காரணம் பிட்சரின் கை. முதல் மேட்சில் ஓர் இன்னிங்ஸ், அல்லது இரண்டு. அப்புறம் நாலைந்து நாள் இடைவெளி விட்டு மூன்று இன்னிங்ஸ். இப்படிப் படிப்படியாக எண்பது, தொண்ணூறு பந்து வரை ஏற்றினால்தான் சீசன் தொடங்கும்போது கை தாங்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பயிற்சி மேட்சின் எண்களை நான் பார்க்கும் விதமே மாறியது. ஒரு பிட்சர் மார்ச் மாதம் நிறைய ரன் கொடுத்தால் அவன் அந்தப் புது எறிதலைப் பரீட்சை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு பையன் நாலு ஹோம் ரன் அடித்தால், அவன் யாரை அடித்தான், எத்தனையாவது இன்னிங்ஸில் அடித்தான் என்று பாருங்கள். ஏழாவது இன்னிங்ஸுக்கு மேல் எறிகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் கீழ்நிலை அணிகளின் மைனர் லீக் முகாமுக்குத் திரும்புகிறவர்கள். "வாழ்க்கையிலேயே இப்போதுதான் உடம்பு இவ்வளவு நல்லா இருக்கு" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது பேட்டி கொடுப்பார்கள், அதைக் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியவை வேகமும் உடல்நலமும். போன வருஷம் மணிக்கு 97 மைல் வேகத்தில் எறிந்தவன் இப்போது 93 எறிகிறானா? அவன் எறிய வேண்டிய முறை ஒரு நாள் தள்ளிப்போடப்பட்டதா? அங்கே காதைக் கொடுங்கள்.

2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. யாங்கீஸ் முதலாளி ஹால் ஸ்டைன்பிரென்னர் தாடிக்கு இருந்த தடையை நீக்கினார். அவருடைய அப்பா ஜார்ஜ் 1973-இல் அணியை வாங்கியதும் போட்ட விதி அது: மீசை வைக்கலாம், தாடி கூடாது, முடி காலரைத் தொடக் கூடாது. அன்று சாயங்காலம் ரேடியோவில் வேறு பேச்சே இல்லை. அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார்.

"தம்பி, 1991-இல முடி வெட்டலைன்னு கேப்டன் மேட்டிங்லியையே பெஞ்சில உட்கார வெச்ச டீம் இது. ஒரு இடம்னா ஒரு ஒழுங்கு வேணும்ல?"

"அண்ணே, நீங்களே ஆபீசுக்கு டை கட்டுறத விட்டுட்டீங்களே?"

"அது வேற, இது வேற."

அவர் சொன்னதைத்தான் போன் போட்டவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். அவர்கள் குரலில் இருந்தது தங்கள் அப்பாவோடு பார்த்த அணி கைநழுவிப் போகிற துக்கம். மறுபாதி இளைஞர்கள், ஒரு நல்ல ஆட்டக்காரன் முகத்தில் ரோமம் இருக்கிறது என்பதற்காக வேறு அணிக்குப் போய்விடக் கூடாது என்றார்கள். ஹால் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் குளிர்காலத்தில் மில்வாக்கியிலிருந்து வாங்கிய டெவின் வில்லியம்ஸ் தாடிக்குப் பெயர்போனவர். எனக்கு இதில் இளைஞர்கள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. ஆனால் அந்தப் பெரியவர்களை முழுசாகப் பேசவிட்டுக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒரு விதியை ஒருவர் எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் அவரோடு வாதாடிப் பயனில்லை.

எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான சண்டை நடந்தது 2023 மார்ச்சில். மெட்ஸின் கடைசி இன்னிங்ஸ் பிட்சர் எட்வின் டியாஸ் ஐந்து வருஷத்துக்கு 102 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டிருந்த நேரம். நாட்டணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக்கில் தன் புவெர்ட்டோ ரிக்கோவுக்காக ஆடப் போனார். மார்ச் 15 அன்று மயாமியில் டொமினிகன் குடியரசை ஜெயித்தார்கள், கடைசி இன்னிங்ஸை எறிந்து முடித்தவர் டியாஸ். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கூட்டம் விலகியபோது டியாஸ் தரையில் கிடந்தார், வலது முழங்காலின் தசைநாண் கிழிந்திருந்தது. அதே அணியில் இருந்த அவருடைய தம்பி அலெக்சிஸ் அங்கேயே நின்று அழுதார். எட்வினுக்கு அந்த சீசன் முழுக்கப் போனது.

மறுநாள் காலை ரேடியோ கொதித்தது. இந்தப் போட்டியே வேண்டாம், சம்பளம் கொடுப்பது மெட்ஸ், எங்கள் டிக்கெட் பணத்தில் வாழ்கிறவன் எதற்காக இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவர். எனக்குத் தாங்கவில்லை. பிறந்த மண் ஒன்று, பிழைக்கிற மண் ஒன்று என்று வாழ்கிறவனுக்கு அந்தக் கேள்வி எங்கே தைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாட்டணியா கிளப்பா என்கிற இழுபறியை ஐபிஎல் வந்த நாளிலிருந்து நாமும்தான் பார்க்கிறோம். போன் போட்டேன்.

போன் போடுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் நிறையப் பேர் வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள், ஒரு தடவையும் பேசுவதில்லை. முதலில் ஒரு உதவியாளர் எடுப்பார். பெயர், ஊர், என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்பார். இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் அங்கேயே முடிந்தது. அப்புறம் காத்திருக்க வேண்டும், நீளமாக. வண்டி ஓட்டிக்கொண்டு பேசாதீர்கள், நான் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டேன். காத்திருக்கும்போது நிகழ்ச்சி போனிலேயே கேட்கும், அதை மட்டும் கேளுங்கள். கார் ரேடியோவை அணைத்துவிடுங்கள், ஒலிபரப்பு சில நொடி தாமதமாக வருவதால் இரண்டும் கலந்து குழப்பிவிடும். ஸ்பீக்கரில் பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், உடனே வெட்டிவிடுவார்கள். "முதல் தடவை பேசுகிறேன், ரொம்ப நாளாகக் கேட்கிறேன்" என்று தொடங்குவது இங்கே மரபு. நம் உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். பிராங்க்ஸ், புரூக்ளின், டொமினிகன், ஐரிஷ் என்று எல்லா உச்சரிப்பும் அங்கே ஓடுகிறது.

நான் சொன்னது இவ்வளவுதான்: டியாஸ் கொண்டாட்டத்தில் விழுந்தார், அது பயிற்சி மைதானத்தில் படி இறங்கும்போதும் நடக்கலாம். தன் ஊருக்காக ஆடுவதை அவரிடமிருந்து பிடுங்கினால் நமக்கு மிஞ்சுவது அரை மனிதன். தொகுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "சரி, நீ மெட்ஸ் ரசிகன்தானே, ஒன்பதாவது இன்னிங்ஸை யார் எறிவான் சொல்லு" என்று மடக்கினார். "டேவிட் ராபர்ட்சன் இருக்கிறாரே" என்றேன். "ஆங், இவருக்கு விஷயம் தெரியும்" என்று சிரித்துவிட்டு, மேலும் கொஞ்சம் பேசவிட்டார். இது இன்னொரு பாடம்: உணர்ச்சியோடு போங்கள், ஆனால் அணியின் ஆள்பட்டியலைத் தெரிந்துகொண்டு போங்கள். மார்ச் 21 அன்று இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில், ஜப்பானின் ஒஹ்தானி, அப்போது தன்னோடு ஒரே கிளப்பில் ஆடிய அமெரிக்காவின் டிரவுட்டை ஸ்டிரைக் அவுட் ஆக்கியதைப் பார்த்த பிறகு, இந்தப் போட்டி வேண்டாம் என்ற குரல் ரேடியோவில் ரொம்பவே அடங்கியது.

ஆட்டக்காரனையும் ஒரு மனிதனாகப் பார்த்துப் பேசும் இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததில்லை. 2006 வசந்தகால முகாமில், அரிசோனாவின் சர்ப்ரைஸ் நகரிலிருந்து கேன்சஸ் சிட்டி பிட்சர் சாக் கிரெயின்கி பாதியில் கிளம்பிப் போனார். மனப்பதற்றமும் மனச்சோர்வும் அவரை அலைக்கழித்தன. சிகிச்சை எடுத்துத் திரும்பி வந்து, 2009-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஓர் ஆட்டக்காரன் மனசு சரியில்லை என்று சொல்லிப் போவதை எப்படிப் பேசுவது என்று அந்த நாளில் பலருக்குத் தெரியவில்லை. 2023-இல் கொலராடோ பிட்சர் டேனியல் பார்ட் பதற்றம் என்ற காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியே காயப் பட்டியலில் சீசனைத் தொடங்கினார். முழங்கை வலியைப் பேசுவதுபோல் அதையும் பேசினார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

நடுவில் 2014. மெட்ஸின் டேனியல் மர்ஃபி, சீசனின் முதல் நாளில் குழந்தை பிறந்ததால் முதல் இரண்டு மேட்சுக்கு வரவில்லை. தந்தைமை விடுப்பு 2011-லிருந்தே லீக் விதியில் இருக்கிறது, மூன்று நாள் வரை போகலாம். ஆனாலும் தி ஃபேனில் அவரைப் போட்டு வறுத்தார்கள். காலை நிகழ்ச்சியின் பூமர் எசையாசன், சீசன் தொடங்குமுன்பே மனைவி சிசேரியன் செய்துகொண்டிருக்கலாமே என்ற அளவுக்குப் போனார். நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது. அப்புறம் அவரே ஒலிபரப்பில் மன்னிப்புக் கேட்டார். மர்ஃபி அந்த ஜூனில் வெள்ளை மாளிகையில், வேலைக்குப் போகும் தந்தையர் பற்றிய கூட்டத்தில் பேசினார். அப்போது எங்கள் வீட்டிலும் கைக்குழந்தை. ஆபீசில் லீவு கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அன்று காரில் அண்ணன், "நீ லீவைப் போடு தம்பி, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார். தாடி விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம் பிடித்த அதே மனிதர்தான். இன்று யாராவது குழந்தை பிறந்து இரண்டு மூன்று மேட்ச் வரவில்லை என்றால், வாழ்த்துச் சொல்லிவிட்டு யார் பதிலுக்கு ஆடுவார் என்று பேச்சு நகர்ந்துவிடுகிறது.

அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது பதினொரு வயது, சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் பிட்சர். அதனால் 2025 மார்ச்சில் யாங்கீஸ் பிட்சர் கெரிட் கோலின் முழங்கைக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை என்ற செய்தி வந்தபோது, ரேடியோ பேச்சை வேறு காதால் கேட்டேன். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு அவருடைய இன்னொரு கையிலிருந்து தசைநாண் எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்த சிகிச்சை அது. அவர் திரும்பி வந்து மேலும் 164 மேட்ச் ஜெயித்தார். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே அதைச் செய்கிறார்கள். பழைய நேயர்கள், அந்தக் காலத்தில் முன்னூறு இன்னிங்ஸ் எறிந்தார்கள், இந்தக் காலத்துப் பையன்கள் சோப்ளாங்கிகள் என்று ஆரம்பித்தார்கள். இதில் நான் அவர்களோடு ஒத்துப்போக மாட்டேன். இவர்கள் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தில், முழுத் திருகலோடு எறிகிறார்கள், அதைத்தான் அணிகளும் கேட்கின்றன. 2024 டிசம்பரில் பெரிய லீக் வெளியிட்ட ஆய்வறிக்கையும் வேகத்தைத் துரத்துவதைத்தான் முதலில் சுட்டியது. அந்தப் பழக்கம் சிறுவர் ஆட்டத்துக்கும் இறங்கிவிட்டது என்றும் சொன்னது.

பிள்ளைகள் பந்து எறிகிற வீட்டில் இருப்பவர்கள் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டியைக் கட்டாயம் படியுங்கள். லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்டது, இலவசம். 9–10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்து, 11–12 வயதுக்கு 85, அதுவே உச்சம். 66 பந்தைத் தாண்டினால் நாலு நாள் ஓய்வு. வருஷத்தில் நாலு மாதமாவது பந்து எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக. இந்த எண்ணிக்கை ஓர் அணிக்கு மட்டும் பொருந்துவதில்லை, பையன் இரண்டு அணியில் ஆடினால் கை ஒன்றுதான். எங்கள் சிக்கல் அங்கேதான் வந்தது. சனிக்கிழமை லிட்டில் லீக், ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போகும் இன்னொரு அணி. ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் மேட்சை மட்டும் எண்ணினார். நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, எந்த அணி, எத்தனை பந்து என்று எழுதத் தொடங்கினேன். ஒரு ஞாயிறு காலை பையனே வந்து சொன்னான்:

"அப்பா, நேத்து எழுபத்தொண்ணு எறிஞ்சேன். இன்னிக்கு கோச் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லு. நோட்டை நான் காட்டுறேன்."

பயிற்சியாளருக்கு முதலில் பிடிக்கவில்லை. மற்ற அப்பாக்கள் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்றார். நோட்டைப் பார்த்தார், சரி என்று பையனை இரண்டாவது பேஸில் நிறுத்தினார். அடுத்த வாரம் இன்னொரு பையனின் அம்மா என்னிடம் அந்த நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஃபுளோரிடா முகாமை நேரில் பார்க்கவும் பையனைக் கூட்டிப் போயிருக்கிறேன், மெட்ஸின் முகாம் நடக்கும் போர்ட் செயின்ட் லூசிக்கு. போகிறவர்களுக்கு என் யோசனை: பெரிய மைதானத்தில் மத்தியானம் நடக்கும் மேட்சை விட, காலையில் பின்பக்க மைதானங்களில் நடக்கும் பயிற்சிதான் பார்க்க வேண்டியது. திறந்திருக்கும் நாளும் நேரமும் வருஷா வருஷம் மாறும், அணியின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேட்சுக்கு டிக்கெட் எடுத்தால், வெளியூர் அணியின் நட்சத்திரங்களை நம்பி எடுக்காதீர்கள், நீண்ட பஸ் பயணத்துக்கு அவர்களை அனுப்ப மாட்டார்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். முதுகில் 80, 90 என்று எண் போட்ட பையன்களையும் கவனியுங்கள். 2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல் சங்க ஒப்பந்தம் வரும்வரை, முகாம் வாரங்களுக்கு அவர்களுக்குச் சம்பளமே கிடையாது. பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே ஆடுகிறவர்களுக்கே அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 35,800 டாலர் ஆனது. கோடீஸ்வரர்கள் என்று ரேடியோவில் திட்டும்போது நான் அந்த எண்களை நினைத்துக்கொள்வேன்.

அங்கே பையன் அதிக நேரம் பார்த்தது ஒரு பிட்சர் பந்து எறிந்து முடித்துவிட்டுக் கையை நீட்டி, மடக்கி, ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்ததை. ஊருக்கு வந்ததும் அதே பட்டை ஒன்று வாங்கித் தரச் சொன்னான். இந்த நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவன் பந்து எறியப்போவதில்லை, ஊர்க் கூடைப்பந்து அணியில் பெயர் கொடுத்திருக்கிறோம்.